பிணைக்கு எது அளவுகோல்?

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை மேடைதோறும் கேட்டிருக்கிறோம். பொற்கொல்லனின் சூழ்ச்சியைச் சாடாத பேச்சாளர் இல்லை. பாண்டியன் ஆராயாது இட்ட ஆணையைப் பழிக்காத எழுத்தாளர் இல்லை. ஆயினும் அக்காதையின் நடுவே நிகழும் ஒரு சிறு வழக்காடலை நம்மில் பலர் கவனிப்பதில்லை. அரசாணையோடு வந்த காவலர் கோவலனைக் கண்டதும் தயங்குகின்றனர். இவன் தோற்றத்தைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்கின்றனர். பொற்கொல்லன் நகைக்கிறான். கள்வரைப் பற்றிய நூல் என்ன கூறுகிறது தெரியுமா என்று தொடங்குகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர் துணைகொள்ளும் எட்டையும் அடுக்குகிறான். காவலர் மயங்கி நிற்க, அவர்களுள் ஒருவன் வாளை ஓங்குகிறான். அவ்வளவுதான், கதை முடிந்தது!

கோவலன் அன்று என்ன செய்தான் என்று அங்கே எவரும் கேட்கவில்லை. கள்வர் எப்படிப்பட்டவர் என்பதைப் பற்றியே பேச்சு நடந்தது. காவலர் முகத்தைப் பார்த்துக் கணித்தனர். பொற்கொல்லன் நூலைப் பார்த்துக் கணித்தான். முகக்கணிப்பு ஓர் உயிரைக் காக்க முயன்றது. நூற்கணிப்பு அதனைப் பறித்தது. நூல் என்றால் போதும், அறிவு அடங்கிவிடும் என்ற நோய் நம் நாட்டில் அத்துணைப் பழையது!

இக்காலத்தில் அரசனின் வாளுக்குப் பதில் குற்றவியல் நடுவரின் பேனா இருக்கிறது. ஒருவர் மீது வழக்கு வந்ததும், தீர்ப்பு வரும்வரை அவரைச் சிறையில் வைப்பதா, பிணையில் விடுவதா என்ற கேள்வி எழுகிறது. மக்கள் வழக்கில் இதற்கு ஜாமீன் என்று பெயர். குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை அவர் குற்றமற்றவரே என்பது சட்டத்தின் அடிப்படை. எனவே நடுவர் கேட்க வேண்டியவை இரண்டே: விட்டால் விசாரணைக்குத் திரும்பி வருவாரா? வெளியே இருக்கும் நாளில் சாட்சிகளுக்கோ பிறருக்கோ தீங்கு செய்வாரா? இரண்டும் நாளையைப் பற்றியவை. நாளையை அறிந்த நடுவர் எவரும் இலர். ஆகவே எதையேனும் அளவுகோலாகக் கையில் எடுத்தே தீர வேண்டும். எந்தக் காலத்தில் எந்தக் கோலை எடுத்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மனுவின் கோல் எது என்று கூறத் தேவையில்லை, பிறப்பு. எந்தப் பாவம் செய்தாலும் பார்ப்பானைக் கொல்லலாகாது, பொருளோடு நாடு கடத்தினால் போதும் என்றது அந்த நூல். இது ஏட்டோடு நின்றதா? 1956 நவம்பர் முதல் நாள் வரை நம் நாஞ்சில் நாடு எந்தத் திருவிதாங்கூரோடு கட்டப்பட்டுக் கிடந்ததோ, அந்தத் திருவிதாங்கூரில் நெடுங்காலம் பார்ப்பனருக்குத் தூக்குத் தண்டனை கிடையாது. சுசீந்திரத்திலோ, ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரியைக் கொதிக்கும் நெய்யில் கையை விடச் செய்து, கை வெந்ததா இல்லையா என்று பார்க்கும் ‘கைமுக்கு’ நடந்தது. சுவாதித் திருநாள் ஆட்சியில்தான் அது ஒழிந்தது. பிறப்பு ஒரு கோல், நெய்ச்சட்டி மற்றொரு கோல். நல்ல நீதி!

வெள்ளையர் வந்தனர்; சட்டத்தின் முன் அனைவரும் ஒன்று என்றனர். ஆனால் 1871ஆம் ஆண்டு அவர்கள் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பாருங்கள். இந்த நாட்டில் தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி; அதுபோலத் திருடன் மகன் திருடன், குற்றமும் இங்கே குலத்தொழில்தான் என்று வாதிட்டே அச்சட்டத்தைக் கொண்டுவந்தனர். மனு வகுத்த வருணத்தை மேனாட்டு அறிஞர் மெய்யென்று நம்பி, அதன்மேல் ஒரு காவல் நிலையத்தைக் கட்டினர் என்றே சொல்ல வேண்டும். வெள்ளையரை வெறுத்த வைதிகரும் இந்த ஓர் இடத்தில் அவர்களோடு வேறுபட்டதாகத் தெரியவில்லை.

1911இல் அச்சட்டம் திருத்தப்பெற்றுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர், பிரமலைக் கள்ளர் முதலிய மக்கள் கூட்டம் கூட்டமாகப் பதிவேட்டில் ஏற்றப்பட்டனர். ‘ரேகைச் சட்டம்’ என்றே மக்கள் அதனை அழைத்தனர். பத்து விரல்களையும் மையில் தோய்த்துப் பதிய வேண்டியிருந்ததால் வந்த பெயர் அது. பதிவானவர் இரவில் காவல் நிலையத்திலோ அதற்கென அமைந்த கொட்டகையிலோ படுக்க வேண்டும். வெளியூர் செல்ல ‘ராதாரிச் சீட்டு’ வேண்டும். மனைவி பிள்ளை பெற்றாலும், வயலில் நீர் பாய்ச்சும் முறை வந்தாலும், இரவில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அதுவே குற்றம். செய்த களவுக்காக அன்று. செய்யக்கூடும் என்ற கணிப்புக்காக!

1920 ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். காவலர் சுட்டனர். பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். கள்ளர்களுக்காக வழக்கு மன்றத்தில் வாதாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை ‘ரோசாப்பூ துரை’ என்று அம்மக்கள் இன்றும் நன்றியோடு நினைக்கின்றனர். 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952 ஆகஸ்டு 31இல் இந்தியா முழுவதிலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் போயிற்று, பதிவேடு? 1948இலேயே சென்னை மாகாணத்தில் வழக்கக் குற்றவாளிகள் தடைச் சட்டம் வந்துவிட்டது. பரம்பரை என்ற சொல் மறைந்து வழக்கம் என்ற சொல் வந்தது. அந்தப் பதிவேட்டை வாசகர் மனத்தில் வைத்திருக்க வேண்டுகிறோம்; அது பின்னால் மீண்டும் வரும்.

பிறப்பு என்ற கோல் வெளிப்படையாகப் பேச வெட்கப்படத் தொடங்கிய காலத்தில், சொத்து என்ற கோல் வெட்கமின்றி நின்றது, இன்றும் நிற்கிறது. நம் கீரிப்பாறையையே எடுத்துக்கொள்வோம். தோவாளை வட்டத்தில் மலையடிவாரத்து ஊர். அரசு ரப்பர் கழகத்தின் தோட்டம். அருகே மலையில் காணி மக்களின் குடியிருப்புகள். விடியுமுன் கத்தியோடு மரத்தடிக்குச் செல்லும் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். அடிதடி வழக்கொன்றில் அவர் பெயரும் சேர்ந்துவிட்டது என்று கொள்வோம். நடுவர் இரக்கமுள்ளவர், ஜாமீன் கொடுத்துவிட்டார். ‘சொத்துள்ள இருவர் பிணை நிற்க வேண்டும்’ என்பது நிபந்தனை. தொழிலாளி வாழ்வது தோட்டத்து வீடு. அது அவருடையது அன்று. பக்கத்து வீட்டுக்காரர்? அவரும் அப்படியே. காணி உறவினர்? தலைமுறை தலைமுறையாக வாழும் நிலம் காட்டு நிலம். நீதிமன்ற எழுத்தர் கேட்கும் தாள் எல்லாரிடமும் இராது. கரம் கட்டிய ரசீதைத் தேடி மலையிறங்கிப் பூதப்பாண்டிக்கும் நாகர்கோவிலுக்கும் மனைவி அலைய வேண்டும். இல்லையேல் காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்போரிடம் போக வேண்டும். முன்பின் அறியாத ஒருவர் கூலிக்கு நின்றால் சட்டத்துக்கு நிறைவு. முப்பது ஆண்டு அறிந்த அண்டை வீட்டார் அன்புக்கு நின்றால் சட்டத்துக்கு ஐயம்!

சொத்துள்ளவன் ஓடமாட்டான் என்பது எந்த ஆராய்ச்சியின் முடிவு? வங்கிகளில் ஆயிரமாயிரம் கோடி கடன் வாங்கியவர் வானூர்தி ஏறிப் போனதை நாம் பார்க்கவில்லையா? மலைக்காட்டை விட்டால் வேறு போக்கிடம் அறியாத காணியர் எங்கே ஓடுவார்?

இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றத்தில் ஒருவர் கேட்டார், நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். 1978இல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு. உச்ச நீதிமன்றமே அவருக்குப் பிணை கொடுத்திருந்தது. ஆனால் மத்தியப் பிரதேசத்தின் கீழ்நடுவர் 10,000 ரூபாய்க்கு ஆள் பிணை கேட்டார். அவருக்காக உடன்பிறந்தவர் நிற்க முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார். கிருஷ்ணய்யர் வெகுண்டார். தமிழனோ மலையாளியோ வடபுலத்தில் கைதானால் உள்ளூர்ப் பிணைக்கு எங்கே போவான் என்று வினவினார். கொத்தனார் 1,000 ரூபாய்க்குத் தம் சொந்தப் பொறுப்புச் சீட்டு எழுதித் தந்து வெளிவந்தார். ஆயினும் அந்தத் தீர்ப்பு எழுந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. தேசியக் குற்றப் பதிவு நிறுவனத்தின் கணக்கின்படி 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவருள் 4,34,302 பேர் தீர்ப்பு வராதவர். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல்! சிறைச்சாலை என்பது தண்டனை பெற்றோர் வாழும் இடம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்; கணக்கு வேறு பாடம் சொல்கிறது.

பிறப்பும் வேண்டா, சொத்தும் வேண்டா என்றால் எதைக் கொண்டு அளப்பது? இதற்கு விடை தேடிய முயற்சி அமெரிக்காவில் 1961இல் தொடங்கியது. நியூயார்க்கு நகரச் சிறையில் பிணைப்பணம் கட்ட வழியின்றி இளைஞர் பலர் அடைந்து கிடப்பதைக் கண்டார் லூயி சுவைட்சர் என்ற செல்வர். அவர் வழக்கறிஞர் அல்லர்; வேதியியல் பொறியாளர். தம் தாயின் பெயரால் வேரா அறநிலையத்தை நிறுவினார். ஹெர்பர்ட் ஸ்டர்சு என்பவர் அதை நடத்தினார். சட்டக் கல்லூரி மாணவர்கள் கைதானவரிடம் சென்று எளிய வினாக்களைக் கேட்டனர். எத்தனை காலமாக இந்த முகவரியில் இருக்கிறாய்? யாரோடு வாழ்கிறாய்? என்ன வேலை, எத்தனை நாளாக? முன்பு தண்டனை உண்டா? ஒவ்வொரு விடைக்கும் புள்ளி. ஐந்து புள்ளி சேர்ந்து, சொன்னது மெய் என்று விசாரித்து அறிந்தால், பணமின்றி விடுவிக்கலாம் என்று நீதிபதிக்குப் பரிந்துரை. மூன்றாண்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு வெளிவந்தனர். வேண்டுமென்றே திரும்பி வராதவர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பணம் கட்டி வெளியே போனவரைவிடப் பணம் கட்டாதவர் நேர்மையாக வந்து நின்றனர்! 1966இல் அமெரிக்க நடுவண் அரசின் பிணைச் சீர்திருத்தச் சட்டம் இதன் விளைவாகவே பிறந்தது. இன்று ‘இடர்க் கணிப்பு’ என்று பெரிய பெயரில் வழங்குவதன் எளிய தொடக்கம் இதுவே.

இந்த ஒளி இந்தியாவுக்கும் வந்தது. 1979இல் பீகார்ச் சிறைகளின் கொடுமை செய்தித்தாளில் வெளியாயிற்று. தண்டனை விதிக்கப்பட்டிருந்தால் கழிந்திருக்கக்கூடிய காலத்தைவிட நீண்ட நாள் விசாரணைக் கைதியராகவே கிடந்தவர் பலர். ஹுசைனாரா காத்தூன் வழக்கில் நீதிபதி பி. என். பகவதி, சொத்துக்குப் பதிலாக ஊரில் வேர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். எத்தனை காலமாக வசிக்கிறார், வேலை என்ன, குடும்பம் உண்டா, அக்கம்பக்கத்தார் நற்சான்று தருவாரா, முன்பு பிணையில் விட்டபோது வந்தாரா என்று அவர் வரிசைப்படுத்தியவை நியூயார்க்கு மாணவர்களின் வினாக்களோடு ஒத்துப்போகின்றன. நம் நாட்டில் இவ்வரிசையைக் கையில் ஏந்திக்கொண்டு சிறை வாயிலுக்குச் செல்லும் ஆள்தான் நியமிக்கப்படவில்லை. தீர்ப்பு நூலில் இருந்தது. ரசீது கேட்கும் எழுத்தர் மேசையில் இருந்தார். எழுத்தரே வென்றார்.

கீரிப்பாறைத் தொழிலாளியை நியூயார்க்கு வினாக்களின் முன் நிறுத்துவோம். ஒரே தோட்டத்தில் ஆண்டுக்கணக்கில் வாழ்வு. மனைவி மக்களோடு குடித்தனம். கழகத்தின் வருகைப் பதிவேட்டில் பெயர். முன் தண்டனை இல்லை. ஐந்து என்ன, அதற்கு மேலும் பெறுவார். சொத்துக் கோலால் அளந்தால் குட்டையானவர், வேர்க் கோலால் அளந்தால் நெடியவர்! ஆள் ஒருவரே. கோல் மாறினால் நீதி மாறுகிறது.

ஆகவே புள்ளிக் கணக்கை வரவேற்க வேண்டியதுதானே என்பார் நம் நண்பர். வரவேற்கலாம், அதன் பிற்கால வரலாற்றையும் படித்த பிறகு.

அமெரிக்காவில் மாணவர் கையிலிருந்த தாள் நாளடைவில் நிறுவனங்களின் கணிப்பொறிக்குள் போயிற்று. ‘திரும்பி வருவாரா’ என்ற வினா ‘மீண்டும் குற்றம் செய்வாரா’ என்று மாறிற்று. ‘காம்பசு’ என்ற கருவியின் வினாக்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. பெற்றோர் சிறை சென்றனரா, நண்பர் போதைப்பொருள் உண்பரா என்பன போன்றவையும் அவற்றுள் உண்டு. 2016இல் ‘புரோபப்ளிக்கா’ என்ற செய்தி நிறுவனம் புளோரிடா மாநிலத்தின் ஒரு மாவட்டக் கணக்கை ஆராய்ந்தது. பின்னர் எந்தக் குற்றமும் செய்யாதவர்களுள், ‘ஆபத்தானவர்’ என்று தவறாக முத்திரை பெற்றோர் வெள்ளையரைவிடக் கறுப்பருள் ஏறத்தாழ இரு மடங்கு விகிதத்தில் இருந்தனர். கருவியில் நிறம் என்ற வினாவே இல்லை! பின் எப்படி? கறுப்பர் தெருவில் காவலர் அதிகம். ஆகவே கைது அதிகம். ஆகவே பழைய பதிவு அதிகம். ஆகவே புள்ளி மோசம். நிறம் வாயில் வழியே வரவில்லை, புழக்கடை வழியே வந்தது. கருவியைச் செய்த நிறுவனம் இந்த ஆராய்ச்சியை மறுத்தது. அறிஞரிடையே வாதம் நடந்தது. சூத்திரம் வணிக இரகசியம் என்பதையோ நிறுவனம் விட்டுக்கொடுக்கவில்லை. நியாயத்துக்காக மறுபக்கத்தையும் கூற வேண்டும்: நியூ செர்சி மாநிலத்தில் 2017 முதல் பணப்பிணையை ஏறக்குறைய ஒழித்து, வெளிப்படையான சில வினாக்களைக் கொண்ட கணிப்பு முறையைப் புகுத்தினர், விசாரணைச் சிறையாளர் தொகை பெரிதும் குறைந்தது. எனவே கணக்கு என்றாலே கேடு என்று நாம் கூறவில்லை. எந்த ஏட்டிலிருந்து எடுத்த கணக்கு என்று கேட்கிறோம்.

நம் நாட்டில் அது எந்த ஏடு? இங்கேதான் 1911இன் பதிவேடு மீண்டும் வருகிறது. காவல் நிலையங்களில் சரித்திரப் பதிவேடு என்று ஒன்று உண்டு. ஒடுக்கப்பட்ட சாதியினர், பழங்குடியினர், சீர்மரபினர் பெயர்கள் சாதியின் காரணமாகவே அதில் இயந்திரத்தனமாக ஏற்றப்படுவதாகக் கூறப்படுவதைச் சுட்டி, அதனைச் சரிபார்க்குமாறு 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொல்ல நேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், சுகன்யா சாந்தா என்ற இதழாளர் தொடுத்த வழக்கில், சிறைகளில் சாதிவாரியாக வேலை பிரிக்கும் விதிகளை அதே நீதிமன்றம் நீக்கியது. துப்புரவு ஒருவருக்கு, சமையல் மற்றொருவருக்கு என்று விதியிலேயே எழுதி வைத்திருந்தனர். பழைய ‘குற்றப் பரம்பரை’யினரை ‘வழக்கக் குற்றவாளி’ என்று சுட்டும் விதிகளும் அப்போது வெளிப்பட்டன. 1952இல் புதைத்ததாக எண்ணியது 2024இல் சிறை விதியேட்டில் உயிரோடு உட்கார்ந்திருந்தது! இந்த ஏட்டைக் கணிப்பொறிக்கு ஊட்டினால் அது எதைக் கக்கும்? மனு ஓலையில் எழுதினான். வெள்ளையன் தாளில் எழுதினான். நாம் மின்திரையில் எழுதுவோம்.

இது வீண் அச்சம் என்று எவரும் தள்ள வேண்டா. 2023 மார்ச்சில் பஞ்சாப் அரியானா உயர் நீதிமன்றத்தில் ஒரு பிணை வழக்கில் ‘சாட்சிபிடி’ என்ற பேசும் கணிப்பொறியிடம் பிணை நெறி பற்றிக் கேட்டு, அதன் விடையை ஆணையிலேயே பதித்தனர்; வழக்கின் தகுதி பற்றிய கருத்தாக அதனைக் கொள்ள வேண்டா என்றும் எழுதினர். வாசல் திறந்துவிட்டது என்பதற்கு இது போதும். இயந்திரம் இல்லாமலே சட்டத்துக்குள் கணிப்பு புகுந்திருப்பதையும் பாருங்கள். 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, இதற்கு முன் தண்டனை பெறாதவர் உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் விடுவிக்கச் சொல்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு அது பொருந்தாது. நல்ல விதி. ஆனால் அதன் இரண்டாம் உட்பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இந்த உரிமை இல்லை என்கிறது. நிலுவை என்றால் மெய்ப்பிக்கப்பட்டது அன்று; காவலர் பதிந்தது. ஒருவர் மீது இரண்டாவது வழக்கை எழுத எத்தனை நேரம் ஆகும்? சரித்திரப் பதிவேட்டில் பெயருள்ள ஏழை மீது எழுத அதைவிடக் குறைந்த நேரமே ஆகும்.

ஆகவே கோல் ஒன்று வேண்டும். அதில் பொறிக்கும் கோடுகளை நாம் பார்த்தே ஒப்ப வேண்டும். வசிப்பு, குடும்பம், தொழில், முன்பு அழைத்தபோது வந்தாரா என்பவை கோடுகளாகட்டும். மெய்ப்பிக்கப்படாத வழக்கும், காவலரின் ஐயமும், தந்தையின் சிறைவாசமும், தெருவின் பெயரும் கோடுகளாகக் கூடா. எத்தனை புள்ளி, எதனால் என்பதைக் கைதானவருக்கு அவர் அறிந்த மொழியில் கூறி, மறுத்துப் பேச இடம் தர வேண்டும். இறுதி முடிவை மனிதரான நடுவர் காரணத்தோடு எழுத வேண்டும். இதைச் செய்யப் பெரிய இயந்திரமும் தேவையில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் ஒருவர் ஒரு தாளோடு கீரிப்பாறை வரை பேருந்தேறிச் சென்று நாலு பேரை விசாரித்து வந்தால் போதும். நியூயார்க்கில் அன்று மாணவர் செய்ததும் இவ்வளவே.

விரைவும் வேண்டும். பிணை கிடைத்தும் ஏழு நாளில் வெளிவராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் அந்த ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் பிணைச்சீட்டு தர இயலாதவரின் நிபந்தனையை நீதிமன்றம் தானே மீண்டும் பார்க்கலாம், உள்ளூர்ப் பிணையால் தாமதமாகும் இடத்தில் அந்த நிபந்தனையையே விடலாம் என்று 2023 சனவரி 31இல் உச்ச நீதிமன்றம் நெறி வகுத்தது. அதே ஆண்டில் ஏழைச் சிறையாளரின் பிணைத்தொகைக்கு அரசே 40,000 ரூபாய் வரை உதவும் திட்டமும் வந்தது. பாராட்டுகிறோம். ஆயினும் அந்த ஒரு மாதத்தைச் சற்று எண்ண வேண்டும். பால்வெட்டுக்குரிய மரங்கள் ஒரு மாதம் காத்திரா; அந்த வரிசை வேறொருவர் கைக்குப் போகும். வேலை போனால் கூலி போகும். தோட்டத்து வீடும் கேள்விக்குள்ளாகும். கைதான அன்று வினாத்தாளோடு எவரேனும் வந்திருந்தால் தொழிலுக்கும் வசிப்புக்கும் அவர் பெற்றிருக்கக்கூடிய புள்ளிகள், முப்பதாம் நாள் வரும்போது அவரிடம் இருக்கமாட்டா.